கூடுதலாக ஒரு நிதிச் சான்றிதழ்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சிஎம்ஏ (காஸ்ட் அக்கவுன்டன்ட்) இறுதித் தேர்வை முடித்துவிட்டு, சென்னை ஓஎம்ஆரில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நாலு வருடம் வேலை பார்த்த பிறகு, முதலீட்டு ஆய்வுக்கான சிஎஃப்ஏ சான்றிதழ் படிக்கப் பதிந்தேன். யோசித்துப் பதிந்தேன் என்று சொல்ல முடியாது. பக்கத்து சீட்டில் இருந்தவர் பதிந்தார், வாட்ஸப் குழுவில் இரண்டு பேர் பதிந்தார்கள், நானும் கார்டை எடுத்தேன். அதன் மூன்று லெவல்களில் முதலாவதான லெவல் 1-ஐ 2025 பிப்ரவரியில் எழுதினேன், தேறவில்லை. ஆகஸ்டில் மறுபடி எழுதித் தேறினேன். இரண்டு முறைக்கும் பதிவுக் கட்டணம் மட்டும் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் நான் போக நினைத்த வேலைக்கு அந்தச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை என்று தெரிந்துகொண்டேன். லெவல் 2-க்குப் பதியவில்லை.

சிஎஃப்ஏ நல்ல படிப்பு. படித்ததில் எனக்குப் பயனும் உண்டு. ஆனால் அந்தப் பணமும் ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளும் வேறு இடத்தில் போயிருந்தால் நான் நினைத்த வேலைக்குச் சீக்கிரம் போயிருப்பேன். ஏற்கெனவே பி.காம், எம்.காம், சிஏ இன்டர், சிஎம்ஏ என்று ஏதாவது ஒன்று கையில் இருந்து, "இன்னொன்று சேர்த்தால் என்ன" என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பின்னால் செய்ததையெல்லாம் நீங்கள் முன்னால் செய்துவிடுங்கள்.

1. முதலில் வேலையின் பெயரை எழுதுங்கள்

எந்தச் சான்றிதழ் என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். அடுத்து எந்த நாற்காலியில் உட்கார ஆசை என்று ஒரு வரி எழுதுங்கள். "ஃபைனான்ஸில் மேலே போகணும்" என்று எழுதினால் உதவாது. "வங்கியில் கிரெடிட் ரிஸ்க்", "ஈக்விட்டி ரிசர்ச்", "உற்பத்தி நிறுவனத்தில் பட்ஜெட், ஃபோர்காஸ்ட் பார்க்கும் எஃப்பி அண்ட் ஏ", "துபாயில் ஃபைனான்ஸ் மேனேஜர்" என்ற அளவுக்காவது தெளிவு வேண்டும்.

அப்புறம் நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் அந்த வேலைக்கான 20 விளம்பரங்களை எடுங்கள். ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் "கட்டாயம்", வலது பக்கம் "இருந்தால் நல்லது" என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு விளம்பரத்திலும் கேட்டிருப்பதை அந்தந்தப் பக்கத்தில் எழுதி வாருங்கள். ஒரு சனிக்கிழமை மதியம் போதும். நான் இதை லெவல் 1 முடித்த பிறகு செய்தேன். எனக்கு வேண்டியது எஃப்பி அண்ட் ஏ. இடது பக்கம் சிஏ, சிஎம்ஏ, எம்பிஏ என்று வரிசையாக வந்தது. அதாவது, என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழே எஸ்ஏபி, பவர் பிஐ போன்ற மென்பொருள்கள், எக்செல் மாடலிங் என்று திரும்பத் திரும்ப எழுதினேன். சிஎஃப்ஏ வலது பக்கத்தில் ஓரிரண்டு இடத்தில் மட்டும் இருந்தது.

ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் "சிஎம்ஏ" என்று மட்டும் இருந்தால் அது எந்த சிஎம்ஏ என்று கேளுங்கள். இந்தியக் காஸ்ட் அக்கவுன்டன்ட் நிறுவனம் தரும் சிஎம்ஏ வேறு, அமெரிக்காவின் ஐஎம்ஏ என்ற கணக்காளர் அமைப்பு தரும் சிஎம்ஏ வேறு. "சிஏ/ஐசிடபிள்யூஏ" என்று பழைய பெயரில் போட்டிருந்தால் அது இந்திய சிஎம்ஏதான். இந்தக் குழப்பத்தில் ஏற்கெனவே ஒரு சிஎம்ஏ வைத்திருப்பவர்கள் இன்னொரு சிஎம்ஏவுக்குப் பணம் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

2. சட்டம் கேட்கிறதா, முதலாளி கேட்கிறாரா என்று பிரியுங்கள்

சில தகுதிகள் இல்லாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. இந்தியாவில் கம்பெனிகளின் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் சிஏதான் கையெழுத்துப் போட முடியும். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 148-இன்படியான காஸ்ட் ஆடிட் (செலவுக் கணக்குத் தணிக்கை) இந்திய சிஎம்ஏவுக்கு உரியது. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆக வேண்டுமென்றால் என்ஐஎஸ்எம் என்ற பங்குச் சந்தைக் கல்வி நிறுவனத்தின் 5-ஏ தேர்வு முடித்து, ஏஆர்என் என்ற பதிவு எண் வாங்க வேண்டும். பங்கு ஆய்வாளர் வேலைக்கு என்ஐஎஸ்எம் வரிசையில் 15-ஆவது தேர்வு. இவற்றில் யோசிக்க அதிகம் இல்லை. வேலை வேண்டுமென்றால் தேர்வு வேண்டும்.

மற்றதெல்லாம் முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்தது. சிஎஃப்ஏ, எஃப்ஆர்எம் (ரிஸ்க் மேலாண்மைச் சான்றிதழ்), ஏசிசிஏ (பிரிட்டிஷ் கணக்காளர் தகுதி), அமெரிக்க சிஎம்ஏ எதுவும் இந்தியத் தணிக்கையில் கையெழுத்து உரிமை தராது. ஃபண்ட் மேனேஜ்மென்ட், ஈக்விட்டி ரிசர்ச், மதிப்பீட்டு வேலைகளில் சிஎஃப்ஏவுக்கு மதிப்பு உண்டு. வங்கிகளின் ரிஸ்க் பிரிவுகளுக்கு எஃப்ஆர்எம். சர்வதேசக் கணக்குத் தரங்களில் அறிக்கை தயாரிக்கும் வேலைக்கும் வளைகுடாவுக்கும் ஏசிசிஏ. அமெரிக்க நிறுவனங்களின் இங்குள்ள அலுவலகங்களில் அமெரிக்க சிஎம்ஏ. நீங்கள் வங்கி ஊழியரா? முதலில் வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி, சிஏஐஐபி தேர்வுகள் இரண்டையும் முடித்துவிடுங்கள். கட்டணம் குறைவு, பல வங்கிகளில் தேறினால் சம்பள உயர்வு விதிப்படியே வரும். அது கையில் இருக்கும்போது டாலர் கட்டும் படிப்பிலிருந்து தொடங்குவதில் அர்த்தமில்லை.

3. அந்த நாற்காலியில் இருப்பவரிடம் பேசுங்கள்

குறைந்தது மூன்று பேர். ஒருவர் அந்த வேலையில் இருப்பவர், ஒருவர் அந்த வேலைக்கு ஆள் எடுப்பவர், ஒருவர் அந்தச் சான்றிதழைப் பாதியில் விட்டவர். மூன்றாவது ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், ஆனால் நிறையச் சொல்லக்கூடியவர் அவர்தான்.

நான் கடைசியாகப் பேசியது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எஃப்பி அண்ட் ஏ தலைமையில் இருந்த ஒரு சாரிடம். தோழியின் சித்தப்பா என்பதால் வீட்டுக்கே வரச் சொன்னார். என் ரெஸ்யூமைப் படித்துவிட்டுக் கேட்டார்: "லெவல் ஒன் முடிச்சிருக்கேம்மா, நல்ல விஷயம். ஆனா எனக்கு வேண்டியது வேற. பட்ஜெட்ல இருபது ரூபா, நடந்தது இருபத்தி மூணு ரூபா. அந்த மூணு ரூபா எங்க போச்சுன்னு பிளான்ட்ல இறங்கிக் கேட்டு, ஒரு பக்கத்துல எழுதித் தரணும். அது உனக்கு வருமா?" காஸ்டிங் படித்த எனக்கு அது வரும். ஆனால் ரெஸ்யூமில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் வரியே சிஎஃப்ஏ லெவல் 1.

போகும்போது நாலு கேள்வி கொண்டு போங்கள். கடைசியாக எடுத்த ஆளிடம் என்ன தகுதி இருந்தது? இந்தச் சான்றிதழ் இருப்பதால் சம்பளத்தில் வித்தியாசம் உண்டா, இல்லை அழைப்பு வருவதோடு சரியா? பாதி முடித்திருந்தால் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா? இதே பணத்துக்கு என்னை வேறு எதைக் கற்றுக்கொள்ளச் சொல்வீர்கள்?

4. மொத்தச் செலவை ரூபாயில் எழுதுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எல்லோரும் முதல் தேர்வின் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறோம்.

என் கணக்கைச் சொல்கிறேன். 2025-ஆம் ஆண்டுத் தேர்வுகளுக்கு சிஎஃப்ஏ லெவல் 1 கட்டணம் சீக்கிரம் பதிந்தால் 990 டாலர், கெடு நெருங்கும்போது பதிந்தால் 1,290 டாலர். முதல் முறை சேர்பவர்களுக்கு அதற்கு மேல் 350 டாலர் சேர்க்கைக் கட்டணம். நான் தள்ளிப்போட்டுக் கடைசியில் பதிந்ததால் 1,640 டாலர். அப்போது டாலர் 84 ரூபாய்க்குச் சற்று மேல். கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்றக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எல்லாம் சேர்ந்து ரூ.1,44,000 சொச்சம். கார்டு கட்டணம் மட்டும் ஐந்தாயிரத்தைத் தாண்டியது. அந்தக் கட்டணம் குறைவாக உள்ள கார்டுகளும் இருக்கின்றன, கட்டும் முன் விசாரியுங்கள்.

தோற்றபோது இன்னொன்று கற்றுக்கொண்டேன். பிப்ரவரித் தேர்வின் முடிவு ஏப்ரலில் வந்தது. அதற்குள் ஆகஸ்ட் தேர்வின் சலுகைக் கட்டணத் தேதி முடிந்திருந்தது. மறுபடி 1,290 டாலர். அதனால் உங்கள் கணக்கில் ஒரு தோல்வியையும் முழுக் கட்டணத்தில் சேர்த்து எழுதுங்கள். லெவல் 1-இல் பாதிக்கு மேற்பட்டவர்கள் தேறாமல் போவது சமீப ஆண்டுகளில் வழக்கமான விஷயம். ஒரு தோல்வியைத் தாங்காத பட்ஜெட் என்றால் இன்னும் ஆறு மாதம் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். கட்டணங்கள் வருடா வருடம் மாறும், எனவே என் எண்களை அப்படியே எடுக்காமல் நீங்கள் எழுதப்போகும் தேர்வின் கட்டணத்தைப் பாருங்கள்.

எழுத வேண்டிய செலவுகள் இவை: சேர்க்கைக் கட்டணம், ஒவ்வொரு தேர்வின் கட்டணம், ஒரு மறுதேர்வு, கார்டு கட்டணம், வரி, புத்தகம் அல்லது கோச்சிங், கால்குலேட்டர், சம்பளமில்லாத விடுப்பு, தேறிய பிறகு வருடா வருடம் கட்டும் உறுப்பினர் சந்தா. கடைசியில் உள்ள சந்தாவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிஎஃப்ஏ பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வருடம் சுமார் 300 டாலர் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்க சிஎம்ஏவுக்குச் சந்தாவோடு வருடம் 30 மணி நேரத் தொடர்கல்வியும் உண்டு.

எஃப்ஆர்எம்முக்கு 2025-இல் சேர்க்கை 400 டாலர், ஒவ்வொரு பகுதிக்கும் சீக்கிரம் பதிந்தால் 600, தாமதித்தால் 800. இரண்டே பகுதி என்பதால் மொத்தம் குறைவு.

ஏசிசிஏவில் ஒரு விஷயம் பார்க்க வேண்டும். மொத்தம் 13 தாள்கள். ஏற்கெனவே படித்ததைப் பொறுத்து 9 தாள் வரை விலக்கு கிடைக்கும். விலக்கு என்றதும் இலவசம் என்று நினைத்துவிடுகிறோம். விலக்குப் பெறும் ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் உண்டு. கோச்சிங் நிலையங்கள் சில நேரம் தள்ளுபடி வாங்கித் தருகிறார்கள். அது உண்மையா என்று ஏசிசிஏவிடமே எழுதிக் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

உதவித்தொகையை மறக்காதீர்கள். சிஎஃப்ஏவில் வசதி குறைந்தவர்களுக்கான ஆக்சஸ் ஸ்காலர்ஷிப் கட்டணத்தை வெகுவாகக் குறைக்கும். பதிவதற்கு முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். கட்டிய பிறகு உதவித்தொகை கிடைத்தாலும் கட்டிய பணம் திரும்பாது.

5. ஆவணங்கள்: பெயரில் தொடங்குங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வரும் சிக்கல் வேறு யாருக்கும் இந்த அளவு வராது. காரணம் இனிஷியல். உதாரணத்துக்கு, பட்டச் சான்றிதழில் "ஆர். கவிதா". ஆதாரில் "கவிதா ஆர்". பான் கார்டில் இனிஷியல் விரிந்து "கவிதா ராமசாமி". பாஸ்போர்ட்டில் பெயர் "கவிதா", குடும்பப் பெயர் "ராமசாமி", அல்லது குடும்பப் பெயர் கட்டமே காலி. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்திருந்தால் ஐந்தாவது வடிவம்.

தேர்வு மையத்தில் ஒரே ஒரு விஷயம் பார்ப்பார்கள்: நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று. நான் பட்டச் சான்றிதழைப் பார்த்து இனிஷியலோடு சிஎஃப்ஏ தளத்தில் கணக்குத் தொடங்கிவிட்டேன். என்னிடம் கேட்ட அடையாள ஆவணம் பாஸ்போர்ட். அதில் அப்பா பெயர் முழுதாக இருந்தது. போதாக்குறைக்கு அந்த பாஸ்போர்ட் தேர்வுக்கு முன்பே காலாவதி ஆகவிருந்தது. டிசம்பரில் படிக்க வேண்டிய இரண்டு வாரம் சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா மையத்துக்கும் போலீஸ் விசாரணைக்குமாகப் போனது. புதிய எண்ணையும் பெயரையும் கணக்கில் மாற்ற மேலும் சில நாள்.

நீங்கள் செய்ய வேண்டியது: பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பட்டம், ஆதார், பான், பாஸ்போர்ட் ஐந்தையும் மேஜையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தேர்வு எந்த அடையாள ஆவணத்தை ஏற்கிறது என்று அதன் விதியில் பாருங்கள், விதிகள் மாறும். கணக்கு தொடங்கும்போது அந்த ஆவணத்தில் உள்ளபடியே பெயரைப் போடுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் 36 பக்கத்துக்கு ரூ.1,500, தட்கல் என்றால் இன்னும் ரூ.2,000. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

அடுத்து பட்டம். பட்டமளிப்பு விழாவுக்கு முன்னால் கையில் புரொவிஷனல் (தற்காலிகச் சான்றிதழ்) மட்டும் இருக்கும். மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, ஒவ்வொரு செமஸ்டரும் தனிக் கோப்பாகவும், எல்லாம் சேர்ந்து ஒரே பிடிஎஃப்பாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (அதிகாரபூர்வ மதிப்பெண் தொகுப்பு) கேட்கும் படிப்பு என்றால் வாரக்கணக்கில் ஆகும், சேர்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

மூன்றாவது, அனுபவச் சான்று. தேர்வு முடித்தால் மட்டும் பட்டம் வராது. சிஎஃப்ஏவுக்குக் குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேரம் தொடர்புடைய வேலை அனுபவம் வேண்டும். எஃப்ஆர்எம்முக்கும் அமெரிக்க சிஎம்ஏவுக்கும் இரண்டு வருடம், ஏசிசிஏவுக்கு 36 மாதம். "இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வேலை பார்த்தார்" என்று மட்டும் சொல்லும் ரிலீவிங் லெட்டர் இதற்குப் போதாது. என்ன வேலை செய்தீர்கள் என்று நாலு வரி எழுதி, மேனேஜர் கம்பெனியில் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் வேலை மாறிப் போன பிறகு எச்ஆரிடம் அந்த நாலு வரியை வாங்குவது பெரும்பாடு.

6. நேரத்தை உங்கள் ஆபீஸ் காலண்டரோடு பொருத்துங்கள்

சிஎஃப்ஏ லெவல் ஒன்றுக்குச் சுமார் 300 மணி நேரம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. 24 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 12 மணி நேரத்துக்கு மேல். வேலை நாளில் ஒன்றேகால் மணி, சனி ஞாயிறு தலா மூன்று மணி. தாளில் பார்த்தால் முடியும் போலத் தெரியும்.

முதல் தடவை நான் தோற்றதற்குக் காரணம் தேர்வு மாதத்தைத் தேர்ந்தெடுத்த விதம். என் கம்பெனிக்கு நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது. ஜனவரி முழுக்க ஆண்டுக் கணக்கு முடிப்பு, பிப்ரவரி முதல் பாதியில் தணிக்கையாளர் கேள்விகள். இரவு பதினொன்றரைக்குக் கேபில் ஏறி மேடவாக்கம் வந்து சேரும்போது புத்தகத்தைத் திறக்கும் நிலையில் இருக்க மாட்டேன். தேர்வு அதே பிப்ரவரியில். ஆகஸ்டுக்கு மாற்றியதும் அதே புத்தகம், அதே நான், தேறிவிட்டேன்.

லெவல் 1 வருடத்தில் நாலு முறை: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். மார்ச்சில் கணக்கு முடிக்கும் இந்திய நிறுவனத்தில் இருப்பவர்கள் மே மாதத்தைத் தவிருங்கள். ஆடிட் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை மூச்சுவிட நேரம் இருக்காது, அவர்களுக்கு ஆகஸ்டும் நவம்பரும் கஷ்டம். எஃப்ஆர்எம் மே, ஆகஸ்ட், நவம்பர். அமெரிக்க சிஎம்ஏ ஜனவரி-பிப்ரவரி, மே-ஜூன், செப்டம்பர்-அக்டோபர். ஏசிசிஏ மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர்.

காலக்கெடுக்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க சிஎம்ஏவில் நுழைவுக் கட்டணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்தில் இரண்டு பகுதியும் முடிய வேண்டும். எஃப்ஆர்எம்மில் முதல் பகுதி தேறி நாலு வருடத்தில் இரண்டாவது. ஏசிசிஏவின் மேல்நிலைத் தாள்களுக்கு ஏழு வருடம். சிஎஃப்ஏவில் ஒரு லெவலை வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் எழுத முடியாது, மொத்தம் ஆறு முறைதான். இவற்றோடு லெவல் 1, 2-இல் படிப்புக்கு வெளியே ஒரு செய்முறைப் பயிற்சியையும் முடித்தாக வேண்டும். அதற்கும் பத்துப் பதினைந்து மணி நேரம் ஒதுக்குங்கள். நான் அதைக் கடைசி வாரத்தில் பார்த்துப் பதறினேன்.

வீட்டில் பேசிவிடுங்கள். கல்யாணம், வீடு மாற்றம், குழந்தையின் பள்ளிச் சேர்க்கை, அம்மாவின் ஆபரேஷன் என்று அந்த வருடத்தில் தெரிந்த விஷயங்கள் எல்லாவற்றையும் காலண்டரில் போட்ட பிறகு மீதி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

7. முப்பது மணி நேரம் படித்துப் பாருங்கள்

பணம் கட்டும் முன் நாலு வாரம் ஒதுக்குங்கள். ஏற்கெனவே எழுதியவரிடம் பழைய புத்தகத்தை வாங்குங்கள், பாடத்திட்டம் ஒன்றிரண்டு வருடத்தில் தலைகீழாக மாறிவிடாது. உங்களுக்குப் பிடித்த பாடத்தை விட்டு, பயமாக இருக்கும் பாடத்தை எடுங்கள். சிஎஃப்ஏ என்றால் புள்ளியியலும், கடன்பத்திரங்களைப் பற்றிய ஃபிக்ஸட் இன்கமும். கணக்குப் படித்தவர்களுக்கு நிதிநிலை அறிக்கைப் பகுதி சுலபமாக இருக்கும், அதை வைத்து எடை போட்டால் தவறாகும்.

படித்த நேரத்தை நாள்தோறும் எழுதுங்கள். நாலு வாரம் கழித்து 30 மணி நேரம் சேரவில்லை என்றால் இந்த வருடம் வேண்டாம். சேர்ந்திருந்தால், அந்தப் பாடத்தில் 40 கேள்விகள் போட்டுப் பாருங்கள். மதிப்பெண் குறைவாக வந்தால் கவலைப்படாதீர்கள். தவறான விடைகளின் விளக்கத்தைப் படிக்கும்போது இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா, மூடி வைக்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். இதை நான் முன்பே செய்திருந்தால், டெரிவேட்டிவ்ஸ் படிக்கும்போது எனக்கு வந்த சலிப்பு முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

8. கம்பெனி பணம் தருமா என்று எழுத்தில் கேளுங்கள்

பெரிய நிறுவனங்களில் படிப்புச் செலவைத் திருப்பித் தரும் திட்டம் இருக்கும், ஆனால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். எச்ஆர் தளத்தில் தேடுங்கள். கேட்க வேண்டியவை: பதிவதற்கு முன் அனுமதி வேண்டுமா? தேறினால் மட்டும் தருவார்களா? எத்தனை முறை? பணம் வாங்கிய பிறகு எத்தனை மாதம் வேலையை விடக் கூடாது? விட்டால் முழுவதும் திருப்பித் தர வேண்டுமா?

எங்கள் ஆபீசில் முன் அனுமதி கட்டாயம். நான் பதிந்த பிறகு கேட்டேன், முதல் முறைக்குக் கிடைக்கவில்லை. வேலை மாறத்தான் படிக்கிறீர்கள் என்றால் கம்பெனிப் பணத்தை வாங்காமல் இருப்பது நல்லது. இரண்டு வருடக் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டு கிடைத்த வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

9. கோச்சிங்: கையெழுத்துக்கு முன் படியுங்கள்

கோச்சிங் வேண்டுமா என்பது உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. நான் முதல் முறை ஒரு நிலையத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். வார இறுதி நேரடி வகுப்பு என்று சொன்னார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பதிவு செய்த வீடியோ. பணம் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தில் "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற வரியைக் காட்டினார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை.

வட்டியில்லாத் தவணை என்று சொன்னால் நிதானியுங்கள். பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். வகுப்பு நின்றாலும் நீங்கள் நின்றாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண் அடிபடும். "வேலை உத்தரவாதம்" என்றால் ஒப்பந்தத்தில் அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தேர்வுக் கட்டணத்தை எந்த நிலையத்தின் வழியாகவும் கட்டாதீர்கள். உங்கள் கணக்கில், உங்கள் கார்டில், நீங்களே கட்டுங்கள்.

இரண்டாவது முறை நான் கேள்வி வங்கி மட்டும் வாங்கி வீட்டிலேயே படித்தேன்.

10. வேண்டாம் என்று முடிவானால்

அதுவும் முடிவுதான், உறவினர்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. பங்குச் சந்தை பக்கம் ஆர்வம் இருந்தால் என்ஐஎஸ்எம் 5-ஏ எழுதிப் பாருங்கள்: ரூ.1,500, 100 கேள்விகள், இரண்டு மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். ஒரு மாதத்தில் முடியும். இந்தத் துறை பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

நான் இப்போது எஃப்பி அண்ட் ஏ-வில்தான் இருக்கிறேன். அந்த சார் கேட்ட "மூணு ரூபா" கேள்விக்குப் பதிலாக, என் பழைய ஆபீசில் ஒரு செலவுப் பிரிவை எடுத்து எக்செலின் பவர் குவெரியில், பட்ஜெட்டுக்கும் நடந்ததற்கும் உள்ள மாதாந்திர வித்தியாச அறிக்கை தயாரித்துப் பழகினேன். நேர்முகத்தில் அதைப் பற்றித்தான் பேசினோம்.

சிஎஃப்ஏ லெவல் 1 தேறியவர்களுக்கு ஒன்று: ரெஸ்யூமில் "லெவல் 1 தேர்ச்சி, மாதம், வருடம்" என்று எழுதலாம். பெயருக்குப் பின்னால் பட்டம் போல "சிஎஃப்ஏ லெவல் 1" என்று போடக் கூடாது, அது அவர்களின் விதிக்கு எதிரானது.

11. வேண்டும் என்று முடிவானால், பணம் கட்டும் நாள்

இந்த வரிசையில் செய்யுங்கள். உதவித்தொகை விண்ணப்பத்தின் பதில் வந்துவிட்டதா என்று பாருங்கள். எச்ஆர் அனுமதி மின்னஞ்சல் கையில் இருக்கட்டும். அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணக்கில் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள், முடிந்தால் வீட்டில் இன்னொருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சலுகைக் கட்டணத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே உட்காருங்கள். கடைசி நாளில் கார்டு மறுக்கப்பட்டால் வங்கிக்கு போன் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முந்தின நாளே வங்கிச் செயலியில் திறந்து, வரம்பைப் போதுமான அளவு உயர்த்துங்கள். கடைசிப் பக்கத்தில் வரி சேர்ந்து வரும் மொத்தத் தொகையைப் பார்த்த பிறகு அழுத்துங்கள்.

பணம் கட்டியதோடு வேலை முடியவில்லை. தேர்வு மைய இருக்கையைத் தனியாகப் பதிய வேண்டும், சென்னை மையத்தில் சனி ஞாயிறு இடங்கள் சீக்கிரம் தீரும். தாமதித்தால் பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டி வரலாம். அன்று மாலையே கால்குலேட்டர் ஆர்டர் போடுங்கள். சிஎஃப்ஏவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பிஏ டூ பிளஸ், எச்பி 12சி இரண்டு வகைதான் உள்ளே அனுமதி. தேர்வு வாரத்தில் புதிதாக வாங்கினால் விரல் பழகாது. ரசீதைப் பதிவிறக்கி, அதில் உங்கள் பெயரும் தொகையும் தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்து, எச்ஆர் அனுமதி மின்னஞ்சலோடு ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பணம் திருப்பிக் கேட்கும்போது அந்த இரண்டையும்தான் கேட்பார்கள்.